கம்பளத்துக்கு அடியில ஒரு கடுதாசி

ஏட்டி, இங்க வா. இப்படித் திண்ணையில உக்காரு. முதல்ல முகத்தைத் தொடச்சுக்கோ. கண்ணு ரெண்டும் கோவைப்பழமா செவந்து கிடக்கு. உங்க ஆச்சி பயந்துபோயி, "பிள்ளை காலையில இருந்து அழுதுகிட்டே கிடக்கு, யாரு என்னன்னு கேளுங்க"ன்னு என்னைய விரட்டிவிட்டா. நானும் மாப்பிள்ளை யாரா இருப்பான், எந்த ஊரு, வாய்க்காங்கரை வயலை வித்தாத்தான் காரியம் நடக்குமான்னு மனசுக்குள்ள கணக்குப் போட்டுக்கிட்டே வந்தேன். வந்து பாத்தா நீ அழுதது டெஸ்ஸுக்கு! தாமஸ் ஹார்டி 1891-ல இங்கிலாந்துல நாவல் எழுதித் தூக்குல போட்ட பிள்ளைக்கு, நம்ம வீட்டுத் திண்ணையில ஒப்பாரி. நல்லாருக்குட்டி. செலவில்லாத துக்கம்.

அழு, வேண்டாங்கல. அந்தப் புஸ்தகத்துக்கு நானும் அழுதவன்தான். பாளையங்கோட்டையில பி.யூ.சி. படிக்கும்போது டிக்கன்ஸ் நாவலைப் பிழிஞ்சு, சக்கையை எடுத்து நான்-டீடெய்ல்னு கையில கொடுத்தாங்க. சக்கையே இம்புட்டு இனிப்பா இருந்தா சாறு எப்படி இருக்கும்னு தேடப் போனவன்தான். கிளைப் போஸ்டாபீஸ்ல முத்திரை குத்தின நேரம் போக மிச்ச நேரமெல்லாம் அந்தத் தடித்தடிப் புஸ்தகங்களோடதான் குடித்தனம். உங்க ஆச்சியைக் கேளு, வட்டியோட சேத்துச் சொல்லுவா. அதனால நீ அழுததுல எனக்கு வருத்தம் இல்ல. புஸ்தகத்துக்கு நடுவுல நாலா மடிச்ச காகிதம் ஒண்ணை அடையாளத்துக்கு வச்சிருக்கியே, அதுலயும் இப்போதைக்கு எனக்கு வருத்தம் இல்ல. அழுது முடிச்சிட்டு, "என்ன செய்ய தாத்தா, எல்லாம் அவ விதி"ன்னு ஒரு வார்த்தை சொன்ன பாரு, அதுதான் தொண்டையில முள்ளா நிக்கி.

தபால்காரன்கிட்ட விதியைப் பத்திப் பேசப்படாது. மணியார்டர் வரலன்னா எந்தக் கிழவியாவது "எல்லாம் என் விதி"ன்னு திரும்பிப் போயிருக்காளா? கம்பை ஊனிக்கிட்டு நேரா வந்து, "ஏய்யா போஸ்ட்மாஸ்டரு, எம்மவன் அனுப்புன ரூவா எங்க?"ன்னு கேப்பா. பை எந்த வண்டியில ஏறுச்சு, எந்த ஊர்ல இறங்குச்சு, எவன் கையெழுத்துப் போட்டு வாங்குனான்னு தேதிவாரியாச் சொன்னாத்தான் அந்த இடத்தை விட்டு நகருவா. எழுத்துக்கூட்டத் தெரியாத கிழவி கேட்ட கேள்வியை, எம்.ஏ. ஆங்கிலம் படிக்க நீ கேக்க மாட்டேங்க. டெஸ்ஸோட விதி எந்த வழியா வந்துச்சு, எவன் கையெழுத்துப் போட்டான்? வா, பையைப் பிரிச்சுப் பாப்போம்.

மொதல்ல குதிரை. அப்பன் குடிச்சிட்டுக் கவுந்து கிடக்கான். தேன்கூட்டுப் பெட்டிகளைச் சந்தையில சேக்கணும். விடியாத சாமத்துல அந்தப் பிள்ளை தம்பியையும் கூட்டிக்கிட்டு வண்டியை ஓட்டிக்கிட்டுப் போறா. லாந்தர் அணைஞ்சு போச்சு, இவ கண் அசந்துட்டா, எதுக்க வந்த வண்டியோட கூர்க்கம்பு குதிரை நெஞ்சுல பாஞ்சிருச்சு. அந்த ஒத்தக் குதிரை செத்ததுலதான் குடும்பத்துக்குக் கஞ்சித் தொட்டி கவுந்து, அவ வாழ்க்கையைக் கெடுத்த அந்த அலெக் வீட்டு வாசல்ல போய் நிக்கவேண்டியதாச்சு. எதுக்க வந்தது என்ன வண்டின்னு கவனிச்சியா? தபால் வண்டிட்டி! எங்க இலாகா வண்டி! கதையில மொதப் பழியே எங்க தலையிலதான் விழுது.

அடுத்தது கடுதாசி. கல்யாணத்துக்கு முன்னால தன் பழைய கதையை நாலு பக்கம் எழுதி, ஏஞ்சல் கிளேரோட அறைக் கதவுக்கு அடியில தள்ளிவிடுதா. அது கதவைத் தாண்டுனதோட நிக்காம, உள்ள விரிச்சிருந்த கம்பளத்துக்கும் அடியில போயிருச்சு. அவன் கண்ணுல படல. அவன் சிரிச்ச முகமா இருக்கதைப் பாத்து, படிச்சிட்டு மன்னிச்சுட்டான்னு இவ நெனைக்கா. கல்யாணத்தன்னைக்குத்தான் பிரிக்காத உறையா அது கிடக்கதைப் பாத்து, எடுத்து அழிச்சுப்போடுதா. இந்த இடத்துல நீ பென்சிலால "விதி"ன்னு எழுதி ரெண்டு கோடு போட்டிருக்க. நான் என்ன எழுதியிருப்பேன் தெரியுமா? "பட்டுவாடா ஆகவில்லை"ன்னு எழுதியிருப்பேன். அந்தக் கம்பளத்தை அங்க விரிச்சது யாரு? டெஸ்ஸா, ஏஞ்சலா, மானத்துல இருக்க தேவனா? ஹார்டிட்டி! மேசையில உக்காந்து, பேனாவை மையில முக்கி, மெனக்கெட்டு விரிச்சாரு.

ஒருதடவை விரிச்சா கை தவறிப் போச்சுன்னு விட்டுரலாம். அந்த மனுசன் இதையே தொழிலா வச்சிருந்தாரு. 1878-ல வந்த "தி ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்" எடுத்துக்கோ. பெண்டாட்டியோட சமாதானமாப் போகணும்னு கிளிம் கடுதாசி எழுதி அனுப்புதான். கடுதாசி அவ இருக்க வீட்டுக்கே வந்து சேந்தாச்சு. தாத்தாக்காரன், பேத்தி தூங்குதான்னு நெனச்சு, காலையில கொடுப்போம்னு அடுப்பு மாடத்து மேல வைக்கான். அவ அன்னைக்கு ராத்திரியே மழையில வெளியேறி, மதகுத் தண்ணியில முங்கிப் போறா. 1886-ல வந்த "மேயர் ஆஃப் காஸ்டர்பிரிட்ஜ்"ல, மகளோட கல்யாண நாள் வரைக்கும் பிரிக்கக் கூடாதுன்னு எழுதி வச்ச கடுதாசிக்கு அரக்கு சரியா ஒட்டல. ஹென்சார்டு பிரிச்சிடுதான். "நான்தான் உன்னப் பெத்த அப்பன்"னு அந்தப் பிள்ளைகிட்ட அப்பத்தான் சொல்லிட்டு வந்திருக்கான். அவ தன் மகளே இல்லன்னு கடுதாசி சொல்லுது. அதே நாவல்ல இன்னொருத்தியோட பழைய காதல் கடுதாசிக் கட்டைத் தப்பான ஆள்கிட்டக் கொடுத்தனுப்பி, அவன் அதைச் சாராயக்கடையில பிரிச்சுப் படிச்சு, ஊரே சிரிச்சு, அவ உசுரே போகுது.

நான் பாத்தவரைக்கும், ஹார்டி ஊர்ல ஒழுங்கான போஸ்ட்மாஸ்டர் ஒருத்தன் இருந்தா பாதி நாவல் கல்யாணச் சாப்பாட்டோட முடிஞ்சிரும். இதுல வேடிக்கை என்னன்னா, ஒரு பென்னிக்கு நாட்டுல எந்த மூலைக்கும் கடுதாசி போகும்னு இங்கிலாந்துல சட்டம் நடைமுறைக்கு வந்ததும், உலகத்துல மொதத் தபால்தலை வெளிவந்ததும் 1840-ல. ஹார்டி பிறந்ததும் அதே 1840-ல. தபால்தலையோட கூடப் பிறந்தவரு. அந்தப் பாசத்துக்குத்தான் எங்க இலாகா மேல இப்படிப் பழியாப் போட்டாரோ என்னமோ.

நம்ம பாஷையில விதிக்கு இன்னொரு பேரு என்ன? தலையெழுத்து. வார்த்தையை நல்லாப் பாரு. அது எழுத்து. எழுத்துன்னா எழுதுனவன் ஒருத்தன் உண்டு. எழுதுனவனுக்கு வீட்டு வாடகை உண்டு, பதிப்பாளன் உண்டு, கூட்டாளி உண்டு, தகப்பன் உண்டு. அந்தப் பேனா பிடிச்ச கையை எவன் பிடிச்சான்னு பாத்தா, அந்தக் காலத்து இங்கிலீஷ் நாவல்ல விதி எப்படி ஓடுச்சுங்கது வெட்டவெளிச்சமாயிரும்.

எங்க ஆளு ஒருத்தர் கதை சொல்லுதேன், கேளு. ஆண்டனி டிராலப். 1834-ல இருந்து 1867 வரைக்கும் போஸ்டாபீஸ் உத்தியோகம் பாத்தவரு. தெருவோரத்துல தபால்பெட்டி நடலாம்னு யோசனை சொல்லி, 1852-ல சேனல் தீவுகள்ல நட்டும் காட்டுனவரு. காலையில அஞ்சரை மணிக்கு மேசையில உக்காந்து, கடிகாரத்தை எதுக்க வச்சுக்கிட்டு, கால்மணி நேரத்துக்கு 250 வார்த்தைன்னு எழுதுவாரு. அதுக்கப்புறம்தான் ஆபீசு. அவர் நாவல்ல பிஷப்பு பெண்டாட்டி மிசஸ் பிரவுடின்னு ஒரு அம்மா. வாயைத் திறந்தா ஊரே நடுங்கும். ஒருநாள் கிளப்புல இவர் எழுதிக்கிட்டு இருக்கும்போது ரெண்டு பாதிரிமாரு பக்கத்துல உக்காந்து, "இந்த ஆளு ஒரே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கொண்டாரான், அந்தப் பிரவுடியம்மா இம்சை தாங்கல"ன்னு பேசிக்கிட்டு இருந்திருக்காங்க. டிராலப் எழுந்து போயி, நான்தான் அந்த ஆளு, இந்த வாரத்துக்குள்ள அவளைக் கொன்னுடுதேன்னு சொல்லிட்டு வீட்டுக்கு வந்து கொன்னுட்டாரு. 1867-ல முடிஞ்ச "லாஸ்ட் கிரானிக்கிள் ஆஃப் பார்செட்"ல அந்தம்மா நெஞ்சுவலியில போய்ச் சேந்துட்டா. இதை அவரே தன் சுயசரிதையில எழுதி வச்சிருக்காரு. அப்புறம் அவளை நெனச்சு ஏங்குனதையும் சேத்துத்தான். நீ அந்த நாவலைப் படிச்சா என்ன சொல்லுவ? "அய்யோ, அவ விதி"ம்ப. ரெண்டு பாதிரி கிளப்புல உக்காந்து பேசுன பேச்சுட்டி அது!

டிக்கன்ஸ் பெரிய மனுசன், அவர் யார் பேச்சையும் கேட்டிருக்க மாட்டாருன்னு நெனைக்கியா? "கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்" முடிவை அவர் மொதல்ல எழுதுனது வேற. கதாநாயகன் பிப் ஆசைப்பட்ட எஸ்டெல்லா, புருசன் செத்து, ஒரு டாக்டரை ரெண்டாவது கட்டிக்கிட்டா. பல வருசம் கழிச்சு லண்டன் தெருவுல பிப்பும் அவளும் பாத்து, ரெண்டு வார்த்தை பேசி, அவங்கவங்க வழியில போயிருதாங்க. அச்சுக்குப் போறதுக்கு முன்னால கூட்டாளி புல்வர் லிட்டன் படிச்சிட்டு, இப்படி முடிச்சா சனங்க மனசு தாங்காதுன்னு சொல்லியிருக்காரு. டிக்கன்ஸும் சரின்னு, இடிஞ்சுபோன பழைய வீட்டு வாசல்ல, அந்திப் பனியில ரெண்டு பேரையும் கையைக் கோத்து நடக்க வச்சாரு. 1861-ல சனங்க படிச்சது அந்த முடிவைத்தான். டிக்கன்ஸ் செத்ததுக்கு அப்புறம் 1874-ல அவர் சிநேகிதர் ஜான் ஃபார்ஸ்டர், பழைய முடிவைத் தன் புஸ்தகத்துல வெளியிட்டாரு. அன்னையில இருந்து பண்டிதமாருங்களுக்கு ஒரு வேலை ஆச்சு. எது நெச முடிவு, எது பொய் முடிவுன்னு அடிதடி. பிப்போட தலையெழுத்துக்கு ரெண்டு கையெழுத்துப் பிரதி இருந்திருக்கு பாத்துக்கோ. கல்யாணச் சம்பந்தம் பேசி முடிச்சது ஒரு கூட்டாளி.

ஆனா அதே டிக்கன்ஸ்தான் 1841-ல இன்னொரு நாவல்ல லிட்டில் நெல்லுங்க பிள்ளையைக் காப்பாத்தச் சொல்லி சனங்க கடுதாசி கடுதாசியா எழுதியும் அசையல. அதுக்கு நாலு வருசத்துக்கு முன்னால 17 வயசுல தன் கண்ணு முன்னால செத்த மச்சினி மேரி ஹோகார்த் அவர் மனசை விட்டுப் போகவே இல்ல. நெல்லை எழுதும்போது அந்தப் பிள்ளைதான் வந்து நின்னுச்சு. சொன்னதைக் கேட்ட கையும் அதுதான், கேக்காத கையும் அதுதான்.

1870 ஜூன்ல, "எட்வின் டிரூட்" பாதியில நிக்கும்போது அவர் கையே ஓஞ்சு போச்சு. பன்னெண்டு பாகத்துல ஆறுதான் முடிஞ்சுது. கொலைகாரன் யாருன்னு தெரியாம சனங்களுக்குத் தூக்கம் வரல. 1914-ல லண்டன்ல ஒரு பொய்க் கோர்ட்டே கூட்டி, செஸ்டர்டன் நீதிபதியா உக்காந்து, பெர்னார்ட் ஷா ஜூரித் தலைவரா இருந்து விசாரிச்சாங்க. கடைசியில செஸ்டர்டன், தன்னைத் தவிர அங்க இருந்த அத்தனை பேருக்கும் கோர்ட்டை அவமதிச்சதுக்கு அபராதம் போட்டாரு. பிரம்மன் பேனாவைக் கீழ வச்சுட்டா பூலோகத்துல நடக்க கூத்து இதுதான்.

தகப்பன் பேச்சுக்கு வருவோம். சார்லட் பிராண்டியோட அப்பா பாட்ரிக், பாதிரியாரு. சோகமா முடியுற கதை அவருக்கு ஆகாது. "வில்லெட்" எழுதும்போது, ரெண்டு பேரையும் சேத்து வச்சு சந்தோசமா முடிச்சிரும்மான்னு மகள்கிட்டக் கேட்டிருக்காரு. மகளுக்கோ கதாநாயகன் பால் இமானுவேல் கடல்ல முங்குறதுதான் மனசுல பதிஞ்ச முடிவு. என்ன செஞ்சா தெரியுமா? முடிவை மாத்தல. மேல ஒரு முந்தானையைப் போட்டு மூடிட்டா. புயல் அடிக்கி, கப்பல் உடையுது. அதுக்கு மேல சொல்லாம, நம்ப ஆசைப்படுதவங்க நல்லதையே நம்பிக்கிடட்டும்னு விட்டுட்டா. 1853-ல வந்துச்சு. அப்பனுக்கும் மனசு நோகாது, எழுத்துக்கும் பொய்யில்ல. இந்தச் சூட்சுமத்தை நீயும் கத்து வச்சுக்கோ. உங்க அப்பன்கிட்டப் பேசும்போது ஒதவும்.

இன்னொரு விதி உண்டு, அதுக்குப் பேரு மியூடி. 1842-ல லண்டன்ல வாடகை நூலகம் தொடங்குனவரு. அப்ப ஒரு நாவல் மூணு பாகமா வரும். வெலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். மியூடிகிட்ட வருசச் சந்தா 21 ஷில்லிங்தான். எந்தக் கிறுக்கன் வெலை கொடுத்து வாங்குவான்? அதனால மியூடி எதை வாங்குதாரோ அதுதான் நாவல். குடும்பப் பிள்ளைக படிக்கதுல கோளாறு இருந்தா அவர் வாங்கமாட்டாரு. மூணு பாகத்தையும் நிரப்பணும், மூணாவது பாகத்துல முடிச்சும் போடணும். அதனாலதான் மூணாம் பாகம் வந்ததும் எங்கயோ இருக்க மாமன் செத்து சொத்து வரும், தொலைஞ்ச உயில் கிடைக்கும், காணாமப் போன புருசன் திரும்பி வருவான். "ஜேன் ஐர்"ல மதீரா தீவுல இருந்த சித்தப்பா செத்து 20,000 பவுண்டு வருது. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, நாலு பங்கா வகுந்து கொடுத்துட்டா. 1894-ல மியூடி நூலகமும் இன்னொரு நூலகமும் சேந்து மூணு பாக நாவல் இனி வேண்டாம்னு சொன்னதும், அந்தச் சாதி நாவலே கொஞ்ச நாள்ல அத்துப் போச்சு. மறு வருசமே ஆஸ்கார் வைல்டு ஒரு நாடகம் போட்டாரு. அதுல மூணு பாக நாவல் எழுதுன மிஸ் பிரிசம், பிள்ளைவண்டியில கையெழுத்துப் பிரதியையும், கைப்பையில பச்சைப்பிள்ளையையும் மாத்தி வச்சிட்டு ரயில்வே ஸ்டேஷன்ல பையை விட்டுட்டு வந்திருதா. செத்த யானைக்குப் போட்ட மாலைட்டி அது.

கல்யாணத்தோட ஏன் எல்லாக் கதையும் முடியுதுன்னு கேட்டேல்ல? அது விதியும் இல்ல, அழகும் இல்ல. சட்டம். 1870-லயும் 1882-லயும் புதுச் சட்டம் வாரதுக்கு முன்னால, இங்கிலாந்துல கல்யாணமான பொம்பளை சம்பாதிச்சதும் வச்சிருந்ததும் புருசனுக்குப் போயிரும். தாலி ஏறுனதும் அவ கணக்குப் புத்தகத்தை மூடியாச்சு. கதைக்காரன் "முற்றும்"னு போட்டது பொருத்தம்தானே.

இதுக்கு முந்தின தலைமுறை, ரொமாண்டிக்குகாரங்க, விதியைக் கும்பிடுறதுல இவங்களுக்கு அண்ணன்மாரு. மேரி ஷெல்லி 18 வயசுல எழுத ஆரம்பிச்ச "ஃபிராங்கன்ஸ்டைன்" 1818-ல வந்துச்சு. விக்டர் பிணத்தைத் தச்சு உசுரு கொடுக்கான். அது கண்ணைத் திறந்ததும் பயந்து ஓடிப்போய்ப் படுத்துக்கிடுதான். அதுக்கப்புறம் பக்கத்துக்குப் பக்கம் "என் விதி, என் விதி"ன்னு புலம்பல். பெத்ததை எடுத்துச் சீராட்டாம ஓடுன பயலுக்கு விதியைச் சொல்ல வாய் எப்படி வந்துச்சு? பாவம், அந்தப் பிறவிக்குப் பேரு கூட வைக்கல. கோலரிட்ஜோட கிழட்டு மாலுமி கதையில, சாவும் சாவுக்குள்ள இருக்க உசுரும் கப்பல் ஆட்களைப் பணயமா வச்சுப் பகடை உருட்டுது. சகுனி உருட்டுன மாதிரியே இருக்குல்லா? ஆனா பகடை உருளுறதுக்கு முன்னாலயே, சும்மா பறந்த பறவையை வில்லை எடுத்து அடிச்சது மாலுமி கைதானே. அதை மறந்துட்டுப் பகடையைப் பாத்து வாய் பிளக்கோம்.

அந்தக் கவிகளோட சொந்த முடிவு மட்டும் என்ன? மேரியோட புருசன் ஷெல்லிக்கு நீச்சல் தெரியாது. படகு வாங்கிக் கடல்ல விட்டாரு. 1822 ஜூலையில புயல் வந்துச்சு, 29 வயசு. பைரன் 1824-ல கிரேக்க நாட்டுல காய்ச்சல்ல கிடந்தாரு, வைத்தியமாரு ரத்தத்தை எடுத்தே ஆளை முடிச்சாங்க, 36 வயசு. இதெல்லாம் விதின்னா எனக்குக் கோவம் வரும். ஆனா கீட்ஸுன்னா நான் வாயை மூடிக்கிடுவேன். வைத்தியம் படிச்ச பையன். காசநோய்ல கிடந்த தம்பியைப் பக்கத்துல இருந்து பாத்தவன். தன் எச்சில்ல ரத்தத்தைப் பாத்ததும் கணக்கு தெரிஞ்சு போச்சு. 1821-ல ரோமாபுரியில, 25 வயசுல போயிட்டான். அந்தக் கிருமியைக் கண்டுபிடிச்சதே 1882-ல. யாரைப் போய்க் கேக்க முடியும்? வள்ளுவர் சும்மாவா ஊழுக்கு ஒரு அதிகாரமும் ஆள்வினைக்கு ஒரு அதிகாரமும் தனித்தனியா வச்சாரு. எது எந்தப் பையில போகணும்னு பிரிக்கத் தெரியணும். பிரிக்கத் தெரியாதவனைப் போஸ்டாபீஸ்ல ஒருநாள் வச்சிருக்க மாட்டான்.

சரி, ஹார்டிகிட்டத் திரும்புவோம். அவரை ரொம்பப் பேசிட்டேன். நேர்மையான மனுசன்ட்டி. "ரிட்டர்ன் ஆஃப் தி நேட்டிவ்" கடைசியில விதவை தாமசினுக்கும் வென்னுக்கும் கல்யாணம் நடக்குதுல்லா? 1912 பதிப்புல அந்த இடத்துல ஒரு அடிக்குறிப்பு போட்டாரு. நான் மொதல்ல நெனச்ச முடிவு இது இல்ல, அவ விதவையாவே இருக்கணும், வென் எங்கயோ மறைஞ்சு போகணும், பத்திரிகையில தொடரா வந்த சங்கடத்துல மாத்தவேண்டியதாச்சு, ரெண்டுல எது வேணுமோ நீங்களே எடுத்துக்கிடுங்கன்னு. பிரம்மன் அடிக்குறிப்பு போட்டு எங்கயாவது பாத்திருக்கியா? 34 வருசம் கழிச்சு, "இந்தத் தலையெழுத்துல என் கை மட்டும் இல்ல"ன்னு ஒத்துக்கிட்ட பிரம்மன் இவரு.

டெஸ்லயும் விட்டுக்கொடுத்தாரு. தண்ணி தேங்கின பாதையில ஏஞ்சல் பால்காரப் பிள்ளைகளைக் கையில தூக்கிக் கடக்கான்ல? "தி கிராஃபிக்" பத்திரிகையில அது ஆகாதுன்னாங்க. ஆம்பளை பொம்பளையைத் தொட்டுத் தூக்கப்படாதாம். ஹார்டி ஒரு தள்ளுவண்டியைக் கொண்டாந்து, பிள்ளைகளை அதுல உக்கார வச்சுத் தள்ள வச்சாரு. புஸ்தகமா வரும்போது தள்ளுவண்டியை ஓரங்கட்டிட்டாரு. ஆனா தூக்குக்கயிறை மட்டும் எவனுக்காகவும் அவுக்கல. ஏன் தெரியுமா? 1856-ல டார்ச்செஸ்டர் சிறை வாசல்ல, மார்த்தா பிரவுன்னு ஒரு பொம்பளை, புருசனைக் கொன்னவ, மழையில தூக்குல தொங்குனதை 16 வயசுப் பையனா ஹார்டி கூட்டத்துல நின்னு பாத்திருக்காரு. எண்பதைத் தாண்டியும் அந்தக் காட்சி அவரை விடல. 35 வருசம் நெஞ்சுக்குள்ள கிடந்த கடுதாசி அது. 1891-ல பட்டுவாடா பண்ணிட்டாரு. நீ அழுதேல்ல, அதுதான் வாங்குன கையெழுத்து.

இப்பச் சொல்லு. விதின்னு நீ அடிக்கோடு போட்ட இடத்துல எல்லாம் ஒரு கை இருந்துச்சா இல்லையா? பாதிரி பேச்சு, கூட்டாளி யோசனை, மியூடி கணக்கு, அப்பனோட ஆசை, ஒரு பையன் பாத்த மழை. தள்ளுவண்டியை விட்டுக்கொடுக்கலாம், கயிறை விட்டுக்கொடுக்கப்படாதுன்னு எவனுக்குத் தெரியுதோ அவன் எழுதுனது நிக்கி. மத்தவன் எழுதுனது அந்தந்த வருசச் சந்தாவோட போயிருச்சு.

ம், கண்ணீர் காஞ்சுருச்சா? இப்ப அந்தப் புஸ்தகத்துக்குள்ள இருக்க காகிதத்தை எடு. எடுட்டி, நான் அப்பவே பாத்துட்டேன். தபால்காரன் கண்ணு மடிச்ச காகிதத்தை விடாது. ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பம். ஆன்லைன்ல போட்டுட்ட. கையெழுத்துப் போட்ட நகல் தபால்ல வந்து சேரணும்னு அடியில கொட்டை எழுத்துல போட்டிருக்கான். வார வெள்ளிக்கிழமை கடைசி நாள். "எனக்கெல்லாம் எங்க கிடைக்கப்போகுது, விதியிருந்தா பாப்போம்"னு ஆச்சிகிட்டச் சொன்னியாமே.

டெஸ்ஸோட கடுதாசியைக் கம்பளத்துக்கு அடியில தள்ளுனது ஹார்டி. உன் கடுதாசியை டெஸ்ஸுக்கு உள்ள தள்ளுனது யாருட்டி?

அழுதது போதும், உறையில விலாசம் எழுது. பின்கோடு ஆறு எண்ணும் தெளிவா இருக்கட்டும். ஸ்பீடு போஸ்ட்ல போட்டு ரசீதை வாங்கிட்டு வா, ரசீதை நான் பாக்கணும். போஸ்டாபீஸ்ல ரெண்டரை மணிக்குப் பை கட்டிருவாங்க. இப்ப மணி பதினொண்ணு பத்து.